ஆஃப் நாளை விற்காதீர்கள்

செவிலியர் பட்டப்படிப்பு முடித்து, பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் ஏழு மாதங்களாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கும் 23 வயது இளைஞர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் இவர் மூத்த மகன். தம்பியும் தங்கையும் படிக்கிறார்கள். கல்விக் கடனுக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை வந்தபோது கைபேசிச் செயலி ஒன்றில் அவசரக் கடன் வாங்கினார். அதில் இன்னும் எட்டுத் தவணை பாக்கி. சம்பளம் எட்டவில்லை என்று, மாதத்தில் கிடைக்கும் ஆறு ஆஃப் நாளிலும் இன்னொரு சிறிய நர்சிங் ஹோமுக்குப் போய் வேலை செய்கிறார். ஆக, இவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்றுகூட இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் அப்படியொரு ஆஃப் நாள். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் நர்சிங் ஹோமில் நின்றுவிட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, அன்றிரவே வார்டில் நைட் டியூட்டிக்கு வந்திருக்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய இன்சுலின் 6 யூனிட். இவர் சிரிஞ்சில் 60 யூனிட் எடுத்துவிட்டார். சரிபார்க்க வந்த சீனியர் சிஸ்டர் சிரிஞ்சைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். ஊசி போடப்படவில்லை. இருவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இவர் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்ட முதியவர் ஒருவர் இவருடைய டியூட்டியில் இறந்துபோனார். உடலைத் துடைத்து அனுப்பிவிட்டு, பத்து நிமிடத்தில் பக்கத்துப் படுக்கைக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டார். “எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது” என்கிறார். நோயாளி பெல் அடித்தாலே எரிச்சல் வருகிறதாம். கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி: “டியூட்டிக்கு வண்டியில் போகும்போது சின்ன விபத்து நடந்து கால் உடைந்தால்கூட நல்லது, பத்து நாள் படுத்திருக்கலாம் என்று நினைப்பேன்.”

இவர் கேட்பவை இவை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்தானா? இன்னும் கூடுதல் ஷிஃப்ட் எடுத்துக் கடனை அடைத்துவிட்டு அப்புறம் ஓய்வெடுக்கலாமா, இல்லை இப்போதே ராஜினாமா செய்துவிடலாமா? இரண்டு வருடத்துக்கு வேலையை விட மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, என்ன ஆகும்? வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார், நம்பலாமா? அப்பாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்தக் கால் உடையும் வரி. மருத்துவமனைப் பணியாளர்களோடு பேசுவதே என் வேலை என்பதால், இந்த வரியை வெவ்வேறு வடிவத்தில் அடிக்கடி கேட்கிறேன். ‘எனக்குக் காய்ச்சல் வந்தால் தேவலை’, ‘லிஃப்ட் நின்றுபோனால் தேவலை’. பெரும்பாலும் இது ஓய்வுக்கான ஏக்கம். லீவு கேட்க வாய் வராதபோது, உடம்பே லீவு வாங்கித் தந்துவிடாதா என்று மனம் குறுக்கு வழி தேடுகிறது. ஆனாலும் உங்களிடம் ஒன்றை நேராகக் கேட்க வேண்டும்: படுத்திருக்க வேண்டும் என்ற ஆசையோடு அது நின்றுவிடுகிறதா, இல்லை, இல்லாமலே போய்விட்டால் நல்லது என்ற நினைப்பும் வருகிறதா? வருகிறது என்றால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றே ஒரு மனநல மருத்துவரையோ, அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவையோ பாருங்கள்; தனியாகப் போகாமல் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை செய்யும் இடத்தில் தெரிந்துவிடுமோ என்று தயக்கமாக இருந்தால் வேறொரு மருத்துவமனைக்குப் போகலாம்.

அப்படியொரு நினைப்பு இல்லை என்றாலும் இந்த வாரம் ஒரு மருத்துவரைப் பாருங்கள். காரணம் இருக்கிறது. பணிச்சோர்வு என்று நாம் சொல்வதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு பிணைந்த ஒரு நிலை என்று சேர்த்தது. மூன்று அடையாளங்களையும் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ எரிச்சலோ வருவது, தன் திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது. மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. ஆனால் மனச்சோர்வு நோயும், தைராய்டு கோளாறும், ரத்தசோகையும்கூட இதே முகத்தோடுதான் வரும். வேலையைவிட்டு விலகியிருக்கும்போதும், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, பசியில்லை, நேரம் கிடைத்தும் தூக்கமில்லை என்றால் அது வேலையைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். உங்களுக்குத்தான் ஓய்வு நாளே இல்லையே, எப்படித் தெரியும்? அதனால்தான் மருத்துவர்.

லாயக்கில்லாதவரா?

அந்த முதியவர் இறந்தபோது ஒன்றும் தோன்றாமல் போனதை உங்கள் மனம் கல்லாகிவிட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தாங்க முடியாத அளவுக்கு வேலை ஏறும்போது மனம் உணர்ச்சியைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடும். மரத்துப்போனதை நினைத்து வருந்தி, முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தூக்கம் திரும்பினால் அந்த உணர்வும் திரும்பும். திரும்பும்போது ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அழுகை வரலாம். அப்போது பயப்படாதீர்கள்.

இன்னொரு தவறான கணக்கும் உங்களிடம் இருக்கிறது. ஏழு மாதமாகியும் எல்லாவற்றுக்கும் சீனியரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வெட்கப்படுகிறீர்கள். செவிலியர்கள் திறமை பெறும் விதத்தை ஆராய்ந்த பாட்ரீசியா பென்னர் 1984இல் அதை ஐந்து படிகளாகப் பிரித்தார். படித்து முடித்து வருகிறவர் இரண்டாவது படியில் நிற்கிறார். தானாகத் திட்டமிட்டு, எது முக்கியம் எது காத்திருக்கலாம் என்று பிரித்துப் பார்க்கும் மூன்றாவது படிக்கு வர, ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும் என்றார். ஏழு மாதத்தில் நீங்கள் தடுமாறாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்பும் புது நர்ஸ் வார்டுக்கு ஆபத்து.

களைப்பை உங்கள் குணக்கேடாகப் பார்ப்பதையும் விடுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுவதைக் கண்டது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியது. ‘சேவை மனப்பான்மை இருந்தால் களைப்புத் தெரியாது’ என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்த எண்களைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வார்டில் எத்தனை பேரைப் பார்ப்பது என்பது உங்கள் கையில் இல்லை. ஆஃப் நாளில் என்ன செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில் முழுக்க அதையே சுற்றப்போகிறேன்.

அந்த இன்சுலின்

கையெழுத்தில் எழுதிய இன்சுலின் அளவை நீங்கள் தப்பாகப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 6 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘யூனிட்’ என்பதன் சுருக்கமாக ஆங்கில ‘யூ’ எழுத்து. அது பூஜ்ஜியம் மாதிரித் தெரிந்திருக்கிறது. தம்பி, இந்தப் பள்ளத்தில் உங்களுக்கு முன் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் ‘மருந்துச் சீட்டில் எழுதக் கூடாத சுருக்கங்கள்’ என்று ஒரு பட்டியலே போட்டது. அதில் இந்த ‘யூ’ இருக்கிறது. காரணம் இதே பூஜ்ஜியக் குழப்பம்தான். யூனிட் என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன மாற்று.

ஆக, நடந்ததில் மூன்று இழைகள் இருக்கின்றன. எழுதியவரின் சுருக்கம், படித்தவரின் தூக்கம், இரண்டையும் தாண்டி நோயாளியைக் காப்பாற்றிய இரண்டாவது ஆளின் சரிபார்ப்பு. நீங்கள் நடு இழையை மட்டும் பிடித்துக்கொண்டு உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

நடு இழையையும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுவதைக் காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். நீங்கள் எழுந்து 25 மணி நேரம், நடுவில் இரண்டு மணி நேரத் தூக்கம், கையில் இன்சுலின். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். அன்று தப்பித்தது நோயாளி மட்டும் இல்லை.

இதைச் சொல்லாமல் வைத்திருப்பது தவறு. உங்கள் மருத்துவமனையில் சம்பவ அறிக்கைப் படிவம் இருக்கும். தீங்கு நேராமல் தப்பியவற்றையும் அதில் பதிவு செய்யலாம். முதலில் அந்த சீனியர் சிஸ்டரிடம் பேசுங்கள். அவரைக் கேட்காமல் எழுதினால் அவர் மறைத்ததாக ஆகிவிடும். இருவரும் சேர்ந்து வார்டு இன்சார்ஜிடம் போங்கள். அறிக்கையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த ஆர்டர், எப்படிப் படிக்கப்பட்டது, யார் கண்டுபிடித்தார், ஊசி போடப்படவில்லை. ‘என் கவனக்குறைவால்’ என்று மன்னிப்புக் கடிதமாக்க வேண்டாம். அதே சமயம், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அறிக்கை கொடுப்பவரையே குற்றவாளிபோல நடத்துவார்கள். இருந்தாலும், நீங்களே சொன்ன தப்பிய தவறுக்கும், பின்னால் வேறொருவர் சொல்லி வெளிவரும் மறைத்த தவறுக்கும் நடத்தப்படும் விசாரணைகள் வேறு வேறு. உங்கள் பதிவு உரிமத்தையும் சேர்த்து யோசியுங்கள். கொடுத்த அறிக்கையின் தேதியை உங்கள் குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரோ சார்ட்டின் படமோ உங்கள் கைபேசியில் இருக்கக் கூடாது.

நூறு பங்குக் கணக்கு

இப்போது பணம். நீங்கள் அனுப்பிய கணக்கை, உங்கள் சம்பளத்தை நூறு பங்காக வைத்து மாற்றிப் பார்த்தேன். கல்விக் கடன் 28. வீட்டுக்கு 40. செயலிக் கடன் 15. உங்கள் அறை, சாப்பாடு, போக்குவரத்து, கைபேசி எல்லாம் 25. கூட்டினால் 108. மாதம் எட்டுப் பங்கு பள்ளம்.

ஆறு ஆஃப் நாளும் நர்சிங் ஹோமில் வேலை செய்தால் 18 பங்கு வருகிறது. ஆனால் அந்த நாட்களில் மட்டும் களைப்பில் வாடகை வண்டி, சமைக்கத் தெம்பில்லாமல் வெளிச் சாப்பாடு என்று 6 பங்கு போகிறது. அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிகரமாக 12. பள்ளத்தை நிரப்பியது போக மிச்சம் நான்கு பங்கு. ஒரு மாதத்தின் எல்லா ஓய்வு நாளையும் விற்று நீங்கள் சேர்த்தது நான்கு பங்கு! இன்னும் கூடுதல் ஷிஃப்ட் எடுத்துக் கடனை அடைக்கலாம் என்ற யோசனைக்கு இதுவே என் பதில். எடுக்க நாளும் இல்லை, எடுத்தாலும் கையில் நிற்காது.

அடைக்க வேண்டிய பள்ளம் எட்டுதான் என்பதைக் கவனித்தீர்களா? அதை வேறு வழியில் அடைக்கலாம். கல்விக் கடன் கொடுத்த வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். 28 என்பது 22 ஆனால் போதும். மொத்த வட்டி கூடும் என்பது உண்மை. இரண்டு வருடம் கழித்துச் சம்பளம் ஏறும்போது முன்கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஒரு தவணையைத் தவறவிட்ட பிறகு போய்க் கேட்பதைவிட, தவறாமல் கட்டும்போதே கேட்டால் மரியாதை கிடைக்கும். அடுத்து, வீட்டுக்குக் கொடுக்கும் 40, கொஞ்ச காலத்துக்கு 30 ஆக வேண்டும். இரண்டும் நடந்தால் உங்கள் செலவு 92. ஒரு ஆஃப் நாளைக்கூட விற்காமல் எட்டுப் பங்கு மிஞ்சும்.

மிஞ்சுவதை என்ன செய்வது? முதல் மூன்று மாதம் தொடாமல் சேர்த்தால் 24 பங்கு. கிட்டத்தட்ட உங்களுடைய ஒரு மாதச் சொந்தச் செலவு. அந்தச் சிறு கையிருப்பு இல்லாததால்தான் அன்று செயலியைத் தேடிப் போனீர்கள். அதன் பிறகு எட்டையும் செயலிக் கடனில் போடுங்கள். “மாதம் 3 சதவீதம்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டுவட்டியில் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். முன்கூட்டி அடைக்க அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இல்லையென்றால் 15 உடன் 8 சேர்த்துக் கட்ட, எட்டு மாதக் கடன் ஏழாவது மாதத்தில் முடியும். அதற்குள் இன்னொரு செயலியில் கடன் வாங்கி இதை அடைக்கச் சொல்லும் விளம்பரம் வரும். வேண்டாம்.

சம்பளச் சீட்டையும் ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். நைட் டியூட்டிப் படி, அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடியாமல் தங்கிய கூடுதல் நேரம், ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா? புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவதால் விட்டுப்போகும் பணம் கொஞ்சம் இல்லை. டியூட்டிக்கு வந்த நேரம், போன நேரத்தைச் சிறிய நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால் கேட்பது எளிது.

நர்சிங் ஹோம் வேலையில் நீங்கள் பார்க்காத வேறொரு சிக்கல் இருக்கிறது. வெளியில் வேலை பார்க்கக் கூடாது என்ற விதி உங்கள் பணி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இருந்தால் அதை மீறியதாகவே வேலை போகலாம். அங்கே ஒரு தவறு நடந்தால் உங்கள் மருத்துவமனையின் காப்பீடு உங்களுக்குத் துணை நிற்காது. சிறிய நர்சிங் ஹோம் தனியாகத் தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்தில் தெரிந்துவிடும். இந்த மாதக் கடைசியோடு அங்கே போவதை நிறுத்துங்கள். பிற்பாடு கையில் சக்தி இருக்கும்போது, சொந்த மருத்துவமனையிலேயே மாதத்துக்கு ஒரு கூடுதல் ஷிஃப்ட் எடுத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உடம்பும் ரோஸ்டரும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியருக்கென்றே 149ஆம் உடன்படிக்கையையும் 157ஆம் பரிந்துரையையும் கொண்டுவந்தது. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வும், வாரத்தில் ஒருமுறை 36 மணி நேரத்துக்குக் குறையாத தொடர் ஓய்வும் வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. பரிந்துரை என்பது சட்டம் ஆகாது. நீங்கள் வேலை செய்யும் நாட்டின் தொழிலாளர் சட்டம்தான் உங்களைக் கட்டும். ஆனால் இன்சார்ஜிடம் பேசும்போது, ‘எனக்கு முடியவில்லை’ என்பதைவிட ‘நைட் முடிந்து 12 மணி நேரம் கழித்து அடுத்த டியூட்டி போடுங்கள்’ என்பது பேசக்கூடிய கோரிக்கை. டியூட்டி அட்டவணையான ரோஸ்டரைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் சுற்றச் சொல்லியும் கேளுங்கள். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கிச் சுற்றினால் உடம்பின் கடிகாரம் ஒத்துழைக்காது.

நைட் டியூட்டிக்குச் சில சின்ன விஷயங்கள். முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். உடல் வெப்பம் மிகவும் தாழும் நேரம் அதிகாலை நான்கு, ஐந்து மணி; மருந்துக் கணக்கு ஏதும் போட வேண்டியிருந்தால் அந்த நேரத்தில் இன்னொருவரை வைத்துச் சரிபாருங்கள். காபியைப் பின்னிரவில் குடிக்காதீர்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். காலைத் தூக்கத்தை அது திருடிவிடும். கண் சொருகினால் வண்டியைத் தொடாமல், கிளம்பும் முன் இருபது நிமிடம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டுப் போங்கள்.

இன்னொன்றை நீங்கள் சிரிப்பாக எழுதியிருக்கிறீர்கள்: “ஆம்பளை நர்ஸ் என்பதால் கனமான நோயாளியைத் தூக்க எல்லா வார்டிலிருந்தும் ‘பிரதர், கொஞ்சம் வாங்க’ என்று கூப்பிடுவார்கள்.” இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நோயாளியைக் கையால் தூக்கும்போது, சூழல் சாதகமாக இருந்தாலும், ஒருவர் ஏற்கும் எடை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கு. அதாவது 16 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கனமான நோயாளி ஒருவரின் ஒரு காலே அந்த எடையை நெருங்கும். நோயாளியை நகர்த்த உதவும் சறுக்குத் துணியும் இரண்டாவது ஆளும் இல்லாமல் தூக்க மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள். 23 வயதில் முதுகைக் கொடுத்துவிட்டால் மீதி வருடங்களுக்கு யார் பதில் சொல்வது?

பாண்டும் ஏஜென்டும்

ராஜினாமா இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. தூக்கமில்லாத மனம் எடுக்கும் முடிவை, தூங்கிய மனம் மறுபடி பார்க்க வேண்டும். ஆஃப் நாளில் தூங்கி மூன்று மாதம் வேலை செய்து பாருங்கள். அப்போதும் வார்டு வாசலில் நெஞ்சு அடைத்தால் வார்டு மாற்றம் கேளுங்கள். டயாலிசிஸ், வெளிநோயாளர் பிரிவு, தடுப்பூசி, சமுதாய நலம் என்று இந்தத் தொழிலுக்குள்ளேயே வேறு வேறு வேகங்கள் உண்டு. மருத்துவர் ‘ஓய்வு தேவை’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த மருத்துவ விடுப்பை முதலில் பயன்படுத்துங்கள்.

பாண்ட் போட்டுவிட்டால் அடிமை என்று நினைக்கிறீர்கள். எந்தப் பாண்டும் ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. கட்டாய உழைப்புக்கு எதிரான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் உடன்படிக்கை 1930இலிருந்தே இருக்கிறது. அதிகபட்சம் பணம் கேட்கலாம். எவ்வளவு கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல நாட்டு நீதிமன்றங்கள், பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவுக்கும் கேட்கும் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடவும் கூடாது. அனுபவச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் இல்லாமல் அடுத்த வேலை கடினம். கிளம்புவதானால் முன்னறிவிப்புக் காலத்தை எழுத்தில் கொடுத்து, பாண்டை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். மூலச் சான்றிதழ்களை மருத்துவமனையிடம் கொடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் திருப்பித் தரும்படி இப்போதே கடிதம் கொடுங்கள். யாருக்கும் நகல் போதும்.

அந்த ஏஜென்டுக்கு ‘இப்போது இல்லை’ என்று சொல்லுங்கள். அவர் முன்பணம் கேட்கிறார் என்ற ஒன்றே எனக்குப் போதும். வேலை தேடித் தரும் தனியார் நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 1997ஆம் வருடத்து 181ஆம் சர்வதேச உடன்படிக்கையின் பொது விதி. செலவை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்று என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. வெளிநாடு போவது தப்பில்லை. இரண்டு வருட வார்டு அனுபவத்தோடு, கடன் சுமை குறைந்து, நீங்களே அந்த நாட்டின் நர்சிங் கவுன்சில் விதிகளைப் படித்துவிட்டுப் போனால் பேரம் பேசும் இடத்தில் இருப்பீர்கள். இன்றைய களைப்போடு போனால், அதே களைப்பு புது மொழியில், புதுக் கடனோடு தொடரும்.

அப்பாவிடம்

உங்கள் அப்பா கோபப்படுவார் என்று எழுதவில்லை. “அவர் முகம் வாடிவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். தன் அறுவை சிகிச்சைக்காக மகன் செயலியில் கடன் வாங்கியது அவருக்குத் தெரியாது. முதலில் சொல்ல வேண்டியது அதுதான். அது தெரியாமல் நாற்பதை முப்பதாக்கினால், மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் மாறிவிட்டான் என்றுதான் படும். கைபேசியில் சொல்லாமல், நேரில், அம்மாவும் இருக்கும்போது சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் இரண்டு கடன் தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். “பணம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை அப்பா. ஆஃப் நாளிலும் இன்னொரு இடத்தில் வேலை செய்கிறேன், தூக்கமே இல்லை, ஒரு நோயாளிக்குத் தப்பான அளவு மருந்து போட இருந்தேன்” என்று தொடங்கலாம். தம்பி தங்கையின் படிப்புக்கு வேறு வழி இருக்கிறதா, கட்டணத்தைப் பிரித்துக் கட்ட முடியுமா என்பதை அவர்களே யோசிக்க இடம் கொடுங்கள். எல்லாவற்றையும் நீங்களே தீர்த்துவிட்டுப் போய் அறிவிக்க வேண்டாம்.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்பார். செயலிக் கடன் முடியும் வரை, ஏழு மாதம் என்று சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து பழையபடி நாற்பது கொடுக்க முடியும் என்பதையும் அதே தாளில் எழுதிக் காட்டுங்கள்.